வண்டி மாட்டுக்காக நாடாளுமன்றத்தில் பேசியவர்: ருக்மிணி தேவி அருண்டேல்



சென்னைக்கு வரும் நம் ஊர்க்காரர்கள் மயிலாப்பூரில் கபாலீஸ்வரரைக் கும்பிடுவார்கள். கல்யாணத் துணி எடுக்க தி.நகருக்குப் போவார்கள். அங்கிருந்து தெற்கே அடையாறு ஆற்றைத் தாண்டி, திருவான்மியூர் பக்கம் போகிறவர்கள் குறைவு. அடுத்த முறை போனால் கலாக்ஷேத்ரா வளாகத்தைப் பாருங்கள். கடற்கரை மணலில், ஏறத்தாழ 100 ஏக்கரில், நல்ல மரநிழலோடு நிற்கும் இடம் அது. அதை உருவாக்கியவர் ருக்மிணி தேவி அருண்டேல்.

பரதநாட்டியம் என்றதும் அவர் பெயரைச் சொல்லுவார்கள். நாட்டியம் ஆடிய அம்மாளுக்கும் வேளாண் ஆலோசனைப் பக்கத்துக்கும் என்ன தொடர்பு என்று உங்களுக்குத் தோன்றலாம். தொடர்பு நம் தொழுவத்திலேயே இருக்கிறது. உங்கள் வண்டி மாட்டுக்கு எவ்வளவு பாரம் ஏற்றலாம், கழுத்தில் புண் உள்ள மாட்டை ஏரில் பூட்டலாமா, சந்தைக்கு ஒரு லாரியில் எத்தனை மாடுகளை ஏற்றலாம் என்பதற்கெல்லாம் இன்று அடிப்படையாக இருக்கும் சட்டம் 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம். அந்தச் சட்டம் வருவதற்கு முதல் காரணமாக இருந்தவர் அவர்தான்.

அந்தச் சட்டத்தின் பெயரைக் கேட்டாலே உங்களில் பலருக்கு ஜல்லிக்கட்டுதான் நினைவுக்கு வரும், கோபமும் வரும். அதை ஒதுக்கிவிட்டுப் போகப் போவதில்லை. அதற்கு முன் அவர் கதையைக் கொஞ்சம் கேளுங்கள்.

1904ஆம் ஆண்டு பிப்ரவரி 29 அன்று மதுரையில் பிறந்தார். தந்தை நீலகண்ட சாஸ்திரி பொதுப்பணித் துறையில் பொறியாளர். தாயார் சேஷம்மாள் திருவையாற்றைச் சேர்ந்தவர். ஆக, ஏரும் வாய்க்காலும் அறிந்த காவிரிப் பக்கத்து உறவு அந்தக் குடும்பத்துக்கு உண்டு. தந்தைக்கு அடிக்கடி ஊர் மாற்றல். ஓய்வு பெற்ற பிறகு, பிரம்ம ஞான சபையில் இருந்த ஈடுபாட்டால் அடையாற்றில் வந்து குடியேறினார். ஆற்றங்கரையில் பெரிய ஆலமரத்தோடு கூடிய தோப்பு அந்தச் சபைக்குச் சொந்தம். அந்தத் தோப்பின் அருகில்தான் ருக்மிணி வளர்ந்தார். அந்த ஆலமரத்தின் தாய் மரம் 1989இல் புயல் காற்றில் சாய்ந்துவிட்டது. விழுது ஊன்றிய கிளைகள் இன்றும் நிற்கின்றன.

1920இல், 16 வயதில், ஜார்ஜ் அருண்டேல் என்ற ஆங்கிலேயரை மணந்தார். அன்றைய சென்னையில் இது பெரும் பரபரப்பாக இருந்தது. ஊர் பேசியது, பத்திரிகைகளும் எழுதின. அதைத் தாங்கிய பெண் பிறகு நாட்டியம் கற்கப் போனபோது எழுந்த எதிர்ப்பைக் கண்டு பயப்படவில்லை. மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் கற்றார். 1935இல் அடையாற்றில் மேடை ஏறினார். 1936இல் கலாக்ஷேத்ராவுக்கு வித்திட்டார். நாட்டிய வரலாறு இந்தப் பக்கத்துக்கு இவ்வளவு போதும்.

1952இல் மாநிலங்களவை முதன்முதலாக அமைந்தபோது அவரை நியமன உறுப்பினராக்கினார்கள். கலைஞர் என்ற தகுதியில்தான் நியமித்தார்கள். கலைக்கு நிதி கேட்பார், கலைக்கு வாரியம் கேட்பார் என்று எதிர்பார்த்திருப்பார்கள். அவரோ வாயில்லாச் சீவன்களைப் பற்றிப் பேசினார்.

அன்று என்ன நிலைமை என்பதை இளைய உழவர்களுக்குச் சொல்ல வேண்டும். டிராக்டரும் லாரியும் குறைவு. சென்னைத் தெருக்களில் மூட்டை ஏற்றிய மாட்டு வண்டிகளும் ஜட்கா வண்டிகளும் ஓடிய காலம். கிராமத்தில் உழவு, கமலை இறைப்பு, போரடி, சந்தை என எல்லாமே மாட்டின் தோளில்தான். நாட்டின் சரக்கில் பெரும் பங்கை இழுத்த உயிருக்கு இருந்த பாதுகாப்பு, வெள்ளைக்காரன் 1890இல் போட்ட ஒரு சட்டம் மட்டுமே. அதுவும் பெரும்பாலும் தெருவிலும் பொது இடத்திலும் நடக்கும் கொடுமையைத்தான் பார்த்தது. மாட்டை வைத்திருப்பவனுக்கு அதன்மேல் ஒரு கடமை இருக்கிறது என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை.

ருக்மிணி தேவி 1953இல் புதிய மசோதா ஒன்றைத் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தார். ஆளும் கட்சியோ எதிர்க்கட்சியோ பின்னால் இல்லாத ஒரு நியமன உறுப்பினர் கொண்டுவரும் மசோதா சட்டமாவது அபூர்வம். ஆனாலும் அவர் விடவில்லை. 1954இல் விவாதம் நடந்தபோது பிரதமர் நேருவே எழுந்து பேசினார். நோக்கம் சரியானது, அரசே குழு அமைத்துப் பார்த்து மசோதா கொண்டுவரும், ஆகவே இதைத் திரும்பப் பெற வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அவரும் திரும்பப் பெற்றார்.

இந்த இடத்தில் நான் எப்போதும் கொஞ்சம் நின்று யோசிப்பேன். அரசு குழு போடும் என்றால் என்ன ஆகும் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பல கோரிக்கைகள் குழுவோடு முடிந்துவிடும். இது முடியவில்லை. ஏழு ஆண்டுகள் ஆயின. 1960ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று சட்டம் நடைமுறைக்கான ஒப்புதல் பெற்றது. 1962இல் அந்தச் சட்டத்தின்படி இந்திய விலங்குகள் நல வாரியம் அமைந்தது. முதல் தலைவர் ருக்மிணி தேவி. அதன் தலைமை அலுவலகமும் டெல்லியில் இல்லாமல் சென்னையிலேயே அமைந்தது.

அதே காலத்தில் தி.நகரில், விமானியான கேப்டன் வி. சுந்தரம் 1959இல் தம் குடும்பத்தாரோடு புளூ கிராஸ் அமைப்பைத் தொடங்கியிருந்தார். அடிபட்ட நாயையும் மாட்டையும் தூக்கி வந்து பார்க்கும் வேலை. ஆக, அடையாற்றில் சட்டத்துக்கான முயற்சி, தி.நகரில் சிகிச்சை என்று தென் சென்னையில் அப்போது இரண்டும் பக்கம் பக்கமாக நடந்தன.

சட்டத்தில் உழவருக்கு என்ன இருக்கிறது?

சட்டத்தின் 3ஆவது பிரிவு மிகச் சிறியது. ஒரு விலங்கை வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அதன் நலனுக்கு நியாயமான எல்லா நடவடிக்கையும் எடுக்க வேண்டும், தேவையற்ற வலியைத் தடுக்க வேண்டும் என்கிறது. 1890ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான். மாட்டை அடிக்காதே என்பதோடு நிற்காமல், மாட்டைக் கவனி என்று சொல்கிறது.

11ஆவது பிரிவு எவையெல்லாம் கொடுமை என்று வரிசையாகச் சொல்கிறது. அடிப்பது, அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றுவது, குறுகிய கயிற்றில் வெகுநேரம் கட்டிப் போடுவது, தீனி தண்ணீர் கொடுக்காமல் விடுவது, வேலைக்கு ஆகாது என்று தெருவில் துரத்திவிடுவது ஆகியவை அதில் உண்டு. வயதாலோ நோயாலோ புண்ணாலோ வேலைக்குத் தகுதி இல்லாத மாட்டை வேலைக்குப் பூட்டுவதும் குற்றம்.

அதே பிரிவில் நமக்கான விலக்கும் இருக்கிறது. கொம்பு நீக்குவது, காயடிப்பது, சூடு போட்டு அடையாளம் இடுவது, மூக்கணாங்கயிறு போடுவது ஆகியவை விதிகளில் சொன்ன முறையில் செய்தால் குற்றம் ஆகாது. டெல்டா மாவட்டங்களில் உம்பளச்சேரி மாட்டுக்குக் கொம்பு நீக்குவது பழைய வழக்கம். மொட்டை மாடு என்றே அதற்கு இன்னொரு பெயர் உண்டு. ஆனால் கல்லை வைத்து நசுக்கிக் காயடிக்கும் பழைய முறைக்கு இப்போது இடமே இல்லை. அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் பர்டிசோ இடுக்கி கொண்டு ரத்தம் சிந்தாமல் செய்துவிடுவார்கள். கன்றைக் கூட்டிக்கொண்டு போவதுதான் உங்கள் வேலை.

எனக்கு மிகவும் பிடித்தது வாரியத்தின் பணிகளைச் சொல்லும் 9ஆவது பிரிவு. இழுவை மாடுகளின் சுமை குறையும்படி வண்டியின் வடிவமைப்பை மேம்படுத்த அரசுக்கு ஆலோசனை சொல்வது, கொட்டகையும் தண்ணீர்த் தொட்டியும் அமைக்க ஊக்கம் தருவது, மருத்துவ உதவி கிடைக்கச் செய்வது ஆகியவை அதில் இருக்கின்றன. நாடாளுமன்றச் சட்டத்தில் மாட்டுத் தண்ணீர்த் தொட்டி இடம்பெற்றிருக்கிறது! நம் ஊர்களில் ஏரிக்கரையில் கல்தொட்டியும், மாடு உடம்பு தேய்த்துக்கொள்ள ஆவுரிஞ்சிக் கல்லும் நட்டு வைப்பதைத் தருமமாக நினைத்தார்களே, அந்த நினைப்புதான் இங்கே சட்ட மொழியில் இருக்கிறது. பிறகு பெங்களூரு இந்திய மேலாண்மைக் கழகத்தின் இயக்குநராக இருந்த என்.எஸ். ராமசாமி மாட்டு வண்டியின் நுகத்தையும் சக்கரத்தையும் திருத்த எவ்வளவோ உழைத்தார். டிராக்டர் வேகமாக வந்துவிட்டதால் அந்த உழைப்பு போக வேண்டிய அளவுக்குக் களத்துக்குப் போகவில்லை என்பது என் வருத்தம்.

1965இல் இழுவை மாடுகளுக்கென்று தனி விதிகள் வந்தன. மாட்டின் எடையையும், வண்டிக்கு டயர் சக்கரமா கட்டைச் சக்கரமா என்பதையும் பார்த்துப் பாரத்தின் அளவு நிர்ணயிக்கப்பட்டது. ஒரு நாளில் 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் ஓய்வில்லாமல் வாங்கக் கூடாது. வெயில் 37 டிகிரி செல்சியஸுக்கு மேல் போனால் பகல் 12 மணி முதல் 3 மணி வரை வண்டியில் பூட்டவே கூடாது. நுனியில் ஆணி வைத்த தார்க்குச்சிக்கும் தடை உண்டு. 1978ஆம் ஆண்டு விதிகளின்படி ஒரு லாரியில் 6 மாடுகளுக்கு மேல் ஏற்றக் கூடாது. கால் வழுக்காமல் தரையில் விரிப்பு வேண்டும், கூட ஓர் ஆள் வேண்டும், மருத்துவர் சான்று வேண்டும்.

சந்தை நாளில் சாலையில் போகும் லாரிகளைப் பார்க்கிறவர்களுக்கு இந்த விதி எந்த அளவுக்குக் கடைப்பிடிக்கப்படுகிறது என்று நான் சொல்லத் தேவையில்லை. தண்டனையைக் கேட்டால் சிரிப்புதான் வரும். முதல் முறை குற்றத்துக்கு 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை அபராதம், அவ்வளவுதான். ஒரு கட்டு வைக்கோல் அதற்கு மேல் விற்கிறது. கறவை மாட்டுக்குப் பால் இறங்குவதற்காக உடலுக்குக் கேடு செய்யும் ஊசி போடுவதற்கு மட்டும் 12ஆவது பிரிவு கடுமையானது. 1,000 ரூபாய் வரை அபராதமோ 2 ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கும். ஆக்சிடோசின் ஊசியைக் கடையில் வாங்கித் தாங்களே போடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ருக்மிணி தேவி தீவிர சைவ உணவுக்காரர். பன்னாட்டு சைவ உணவாளர் சங்கத்தில் பல ஆண்டுகள் துணைத் தலைவராக இருந்தவர். ஆனால் இந்தச் சட்டம் இறைச்சிக்காக ஆடு மாடு அறுப்பதைத் தடை செய்யவில்லை. தேவையற்ற வலி இருக்கக் கூடாது என்று மட்டுமே சொல்கிறது. மதச் சடங்குப்படி அறுப்பதற்கும் விலக்கு உண்டு. ஆய்வுக்கூடத்தில் விலங்குகளை வைத்துச் சோதிக்கவும், மேற்பார்வைக்குக் குழு வைத்து, அனுமதி உண்டு. அவர் வாழ்ந்த கொள்கை ஒன்று, நாட்டுக்குக் கிடைத்த சட்டம் வேறு. கிடைத்ததை வாங்கிக்கொண்டு அதன்மேல் வேலை செய்தார். கொள்கைப் பிடிவாதம் உள்ளவர்களிடம் இந்தப் பக்குவத்தை நான் அதிகம் கண்டதில்லை.

ஜல்லிக்கட்டு பற்றி

இப்போது அதற்கு வருவோம். வித்தை காட்டப் பயன்படுத்தக் கூடாத விலங்குகளின் பட்டியலில் காளையை மத்திய அரசு சேர்த்தது 2011இல். அதை அடிப்படையாகக் கொண்டு உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடை செய்தது 2014இல். 2017 ஜனவரியில் மெரினா கடற்கரையில் இளைஞர்கள் திரண்டார்கள். உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் போயிருப்பார்கள். தமிழ்நாடு அரசு அதே 1960ஆம் ஆண்டுச் சட்டத்தில் மாநிலத் திருத்தம் கொண்டுவந்தது. 2023 மே மாதம் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு அந்தத் திருத்தம் செல்லும் என்றது.

ருக்மிணி தேவி இறந்தது 1986இல். ஆகவே 2011இல் நடந்ததற்கு அவரைக் குறை சொல்வது சரியல்ல. உயிரோடு இருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று ஊகிப்பதும் என் வேலை இல்லை. நான் சொல்ல விரும்புவது வேறு. வாடிவாசல் காளையை வைத்திருக்கும் குடும்பம் அதைப் பிள்ளை போல வளர்க்கிறது என்பது எனக்குத் தெரியும். அந்த ஒரு தகராறை வைத்து, சட்டம் முழுவதும் விவசாயிக்கு எதிரானது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அது பேசும் மாடுகளில் பெரும்பாலானவை வாடிவாசலைப் பார்த்ததே இல்லை. ஏரிலும் வண்டியிலும் கறவையிலும் லாரியிலும் இருப்பவை அவை.

எங்கள் தாத்தாவிடம் ஒரு ஜோடி உம்பளச்சேரி காளைகள் இருந்தன. நல்ல மனிதர். மாட்டுக்கு வைக்காமல் தான் சாப்பிட மாட்டார். ஒரு வருஷம் நடவு நேரத்தில் வலத்து மாட்டுக்குக் கழுத்தில் நுகத்தடி உராய்ந்து புண் வந்தது. தண்ணீர் வந்துவிட்டது, நாற்று முற்றுகிறது, பக்கத்து வயல்காரர்கள் நட்டு முடித்துவிட்டார்கள். இன்னும் நாலு நாள்தானே என்று துணியைச் சுற்றிப் பூட்டினார். மூன்றாம் நாள் அது சேற்றில் படுத்துவிட்டது. புண்ணில் புழு வைத்திருந்தது. பிறகு அது ஏருக்கு ஆகவே இல்லை. ஜோடி பிரிந்து, சந்தையில் பாதி விலைக்குப் போயிற்று. அவர் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. பாட்டிதான் எனக்குச் சொன்னார்.

கொடுமைக்காரர்களால் மட்டும் மாடு வதைபடுவதில்லை. அவசரத்தில், கடனில், நம்மைப் போன்றவர்களின் கையாலும் வதைபடுகிறது. புண் உள்ள மாட்டைப் பூட்டாதே என்ற ஒரு வரி அப்போது எங்கள் தாத்தாவின் காதில் விழுந்திருந்தால், வாடகைக்கு ஒரு ஜோடி பிடித்து நடவை முடித்திருப்பார். மாடும் மிஞ்சியிருக்கும், பணமும் மிஞ்சியிருக்கும்.

இன்றும் மாடு பூட்டி உழுகிறவர்களுக்காகச் சில வார்த்தை. ஜோடி மாடுகள் உயரத்தில் ஒத்திருக்க வேண்டும். ஒன்று உயரம் ஒன்று குட்டை என்றால் குட்டை மாட்டின் கழுத்தில்தான் முதலில் தோல் உரியும். நுகத்தடியில் சிராய் இருந்தால் இழைத்து வழவழப்பாக்குங்கள். மழையில் நனைந்த கழுத்தோடு நாள் முழுக்க உழ வேண்டாம். புதிதாகப் பழக்கும் காளைக்கு முதல் வாரம் சிறிது நேரம் மட்டும் வேலை கொடுங்கள். ஏர் அவிழ்த்ததும் கழுத்தைக் கையால் தடவிப் பாருங்கள். சூடாகவோ வீங்கியோ இருந்தால் அன்றோடு நிறுத்த வேண்டும். தோல் உரிந்துவிட்டால் சுத்தமான உப்புத் தண்ணீரால் கழுவி, ஈ மொய்க்காமல் வேப்பெண்ணெய் தடவி, புண் ஆறும்வரை ஓய்வு கொடுங்கள். சீழ் வைத்தாலும் புழு வைத்தாலும் கைவைத்தியம் வேண்டாம், கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

மறுபடி அவர் கதைக்கு வருகிறேன். மாநிலங்களவையில் 1962 வரை இருந்தார். கலாக்ஷேத்ரா அடையாற்றுத் தோப்பிலிருந்து திருவான்மியூருக்கு மாறியது. வெறும் மணலாகக் கிடந்த அந்த நிலத்தில் மரம் நட்டு வளர்த்தார்கள். கடல் காற்றும் உப்பும் உள்ள மணலில் ஒரு கன்றைப் பிழைக்க வைப்பது எவ்வளவு சிரமம் என்று கிழக்குக் கடற்கரை உழவர்களுக்கு நான் விளக்க வேண்டாம். அங்கேயே கைத்தறியும், பின்னாளில் இயற்கைச் சாயம் கொண்டு துணியில் கலம்காரி போடும் பட்டறையும் வைத்தார். 1977இல் மொரார்ஜி தேசாய் அவரைக் குடியரசுத் தலைவர் ஆக்க விரும்பினார். வேண்டாம் என்றுவிட்டார். திருவான்மியூரில் செய்வதற்கு வேலை இருந்தது.

1986ஆம் ஆண்டு பிப்ரவரி 24 அன்று சென்னையில் காலமானார். விலங்குகள் நல வாரியத்தின் தலைமை அலுவலகம் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் திருவான்மியூரில் இருந்தது. 2018இல் அதை ஹரியானாவில் உள்ள பல்லப்கருக்கு மாற்றிவிட்டார்கள். நம் விவசாயி ஒருவர் நேரில் போய்க் கேட்கக்கூடிய தூரத்தில் இருந்த அலுவலகம் அது.

கால்நடை அவசர மருத்துவ உதவிக்கு நீங்கள் அழைக்க வேண்டிய கட்டணமில்லா எண் 1962. வாரியம் தொடங்கிய ஆண்டும் அதுதான். இது தற்செயல் என்றே நினைக்கிறேன், ஆனால் நினைவில் வைத்துக்கொள்ளச் சுலபம். நடமாடும் கால்நடை மருத்துவ வண்டி உங்கள் ஊருக்கே வரும். எண்ணைத் தொழுவச் சுவரில் கரித்துண்டால் எழுதி வையுங்கள்.